விளிம்பில் வளரும் வடிவங்கள்

அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சியில் சிமென்ட் ஆலைகளுக்காக வெட்டியெடுக்கப்படும் சுண்ணாம்புக்கல்லில் கையை வைத்தால் சிப்பியில்தான் வைக்க வேண்டியிருக்கும். ஏறத்தாழ ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே ஆழம் குறைந்த கடல் இருந்தது. அதன் தரையில் வாழ்ந்து மடிந்த சிப்பிகள் அடுக்கடுக்காகப் படிந்து பாறையாக இறுகின. அவற்றில் ஒரு வகைச் சிப்பியின் வாய் விசித்திரமானது. இரண்டு ஓடுகளும் சந்திக்கும் விளிம்பு நேர்கோடாக இல்லாமல் கூர்கூராக ஏறி இறங்குகிறது. ஓர் ஓட்டில் மேடு இருக்கும் இடத்தில் எதிர் ஓட்டில் அதே அளவு பள்ளம். மூடினால் இம்மி இடைவெளி இல்லை. பெரம்பலூர் மாவட்டத்தில் காரையைச் சுற்றியுள்ள அரிப்பு நிலத்தில், இதைவிடப் பழைய களிமண் படிவுகளிலிருந்து, சுருள் ஓட்டில் வரிவரியாக மேடு எழுந்த அம்மோனைட்டுகள் என்ற பழங்கடல் உயிரினங்கள் கிடைக்கின்றன. 1840களில் கே, கன்லிஃப் என்ற இருவர் இப்பகுதியின் புதைபடிவங்களைச் சேகரித்து லண்டனுக்கு அனுப்பினார்கள். 1862இல் நிலவியலாளர் ஹென்றி பிளான்ஃபோர்டு இந்தப் பாறைகளின் அடுக்கு வரிசையை எழுதி வைத்தார். அடுத்த பத்தாண்டில் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா சங்கு, சிப்பி, பவளம் என்று இனம் இனமாகப் பிரித்து விவரித்தார். என்ன இனம், எந்தக் காலம் என்பது அவர்களுடைய கேள்வி. இந்த அத்தியாயத்தின் கேள்வி வேறு. வரைபடமோ அளவுகோலோ மூளை என்று சொல்லத்தக்க ஒன்றோ இல்லாத ஓர் உயிர், இவ்வளவு நுட்பமான விளிம்பை எப்படிச் செய்தது? இதற்கான விடையைக் கையால் செய்து பார்க்க மிகவும் மலிவான கருவி ஒரு குரோஷே ஊசி. அப்படிச் செய்து பார்க்கும்போது, மனிதர்கள் தொலைத்துவிட்டதாக வருந்தும் படைப்பாற்றல் எங்கிருந்து மீள்கிறது என்பதும் தெரிய வரும்.

முதலில் சிப்பி. ஓட்டைக் கட்டுவது அதன் உள்ளே இருக்கும் மென்மையான போர்வைத் தசை. ஓட்டைப் பெரிதாக்க, அதன் விளிம்பில் மட்டும் அது சுண்ணாம்பைச் சேர்த்துக்கொண்டே போகிறது. பழைய பகுதியின் வடிவம் அப்படியே நிற்க, புதிய நீளம் எல்லாம் ஓரத்தில்தான் சேரும். அந்தத் தசையின் ஓரம், தான் ஒட்டியிருக்கும் ஓட்டின் ஓரத்தைவிடச் சற்று வேகமாக நீண்டால் என்ன ஆகும்? பாவாடை விளிம்பில் தேவைக்கு மேல் துணி வைத்துத் தைத்தால் கொசுவம் விழுவதுபோல், மிகுந்த நீளம் மேலும் கீழுமாக நெளியும். நெளிந்த தசை நெளிந்த ஓட்டைச் சுரக்கும். டெரெக் மோல்டன், அலைன் கோரியெலி, ரெஜிஸ் ஷிரா ஆகியோர் 2020இல் வெளியிட்ட ஆய்வு இதைக் கணித மாதிரியாகக் காட்டியது. இரு ஓடுகளின் தசைகளும் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு வளர்வதால், ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தில் தானாகவே பொருந்திவிடுகிறது. பற்களுக்கென்று தனியாக ஒரு வரைபடம் எங்கும் எழுதப்பட்டிருக்க வேண்டியதில்லை. இலைகளிலும் இதே கணக்குதான். உத்பல் நாத்தும் அவருடன் பணிபுரிந்தவர்களும் 2003இல் ஒரு பூச்செடியில் காட்டியது இது: இலை தட்டையாக இருப்பதற்கே ஒரு மரபணு வேலை செய்ய வேண்டியிருக்கிறது. ஓரத்தின் வளர்ச்சியை உரிய நேரத்தில் நிறுத்துவது அதன் பணி. அது பழுதானால் ஓரம் தொடர்ந்து வளர்ந்து இலை சுருண்டு நெளிகிறது. ஆக, உயிர்களின் உலகில் நெளிவு என்பது பெரும்பாலும் மேலே பூசிய அலங்காரமாக இருப்பதில்லை. ஓரம் மிகையாக வளர்ந்ததன் விளைவு அது.

குரோஷே ஊசியும் விளிம்பில் மட்டும்தான் வேலை செய்கிறது. ஒரு கண்ணிக்குள் ஊசியை நுழைத்து நூலை இழுத்து அடுத்த கண்ணியைப் போடுகிறோம். முடிந்த வரிசையைத் தொடுவதில்லை. பொம்மையோ மேசை விரிப்போ பின்னுகிறவர்களுக்குத் தெரிந்த ஒரு பால பாடம் உண்டு. முதல் சுற்றில் 6 கண்ணி. அடுத்த சுற்றில் ஒவ்வொன்றிலும் இரண்டு போட்டால் 12. அதற்கடுத்து ஒன்றுவிட்டு ஒன்றில் இரண்டு போட்டால் 18. இப்படிச் சுற்றுக்கு ஆறு ஆறாகக் கூட்டிக்கொண்டு போனால் தட்டையான வட்டம் வரும். ஏன் ஆறு? சிங்கிள் குரோஷே என்ற கண்ணியின் உயரமும் அகலமும் ஏறக்குறையச் சமம். ஒரு சுற்று முடிந்தால் வட்டத்தின் ஆரம் ஒரு கண்ணி உயரம் கூடுகிறது. ஆரம் ஒன்று கூடினால் சுற்றளவு 2π, அதாவது சுமார் 6.28 கூடியாக வேண்டும் என்பது பள்ளிப் பாடம். தலைமுறை தலைமுறையாகப் பின்னியவர்கள், பை என்ற எழுத்தைப் பார்க்காமலே அதன் அருகில் வந்து நின்றிருக்கிறார்கள். கண்ணி கூட்டுவதை நிறுத்தினால் ஓரம் இறுகி, வட்டம் கிண்ணமாகக் குவியும். குறைத்துக்கொண்டே வந்தால் பந்தாக மூடிக்கொள்ளும். ஆறுக்கு மேல் கூட்டினால் வட்டத்துக்கு இடம் போதாது. விளிம்பு மேலும் கீழும் புரளத் தொடங்கும். தட்டை, கிண்ணம், பந்து, நெளிவு என்ற நான்கு குடும்பங்களும் ஓர் எண்ணை மாற்றியதால் மட்டுமே பிறந்தவை.

நான்காவது குடும்பத்துக்குக் கணித வரலாற்றில் பெரிய இடம் உண்டு. ஒரு நேர்கோட்டுக்கு வெளியே உள்ள புள்ளி வழியாக அதைச் சந்திக்காத நேர்கோடு ஒன்றே ஒன்றுதான் வரைய முடியும் என்பது யூக்ளிட் வழிவந்த வடிவியலின் அடித்தளம். அப்படி இருந்தே ஆக வேண்டியதில்லை என்று 1829இல் லோபாசெவ்ஸ்கியும் 1832இல் போயாயும் தனித்தனியே எழுதினார்கள். அவர்கள் சொன்ன மிகைவளைவு வெளியில் அத்தகைய கோடுகள் எண்ணற்றவை. முக்கோணத்தின் கோணங்களைக் கூட்டினால் 180 பாகையை எட்டாது. தாளில் எழுதிக் காட்டலாம். கையில் எடுத்துக் கொடுப்பதுதான் கடினம். 1970களில் வில்லியம் தர்ஸ்டன் வளைந்த காகிதப் பட்டைகளை ஒட்டி ஒரு மாதிரி செய்யும் வழியைச் சொன்னார். செய்யலாம், ஆனால் சீக்கிரம் கிழியும். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருந்த லாட்வியக் கணிதவியலாளர் தைனா தைமினா 1997இல் அந்தக் காகித மாதிரியைப் பார்த்துவிட்டு, இதை நூலில் செய்யலாமே என்று ஊசியை எடுத்தார். விதி எளிது: இத்தனை கண்ணிக்கு ஒன்று கூட்டு; எந்த வரிசையிலும் அந்த விகிதத்தை மாற்றாதே. ஐந்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டு 20 கண்ணியில் தொடங்கினால், பத்தாவது வரிசையில் சுமார் 124 கண்ணி. இருபதாவதில் சுமார் 767. பன்னிரண்டுக்கு ஒன்று என்று தாராளத்தைக் குறைத்தால் இருபதாவது வரிசையில் 99 தான். முதலாவது கையில் அடங்காமல் சுருண்டு குமையும். இரண்டாவது மெல்ல அலை எழுப்பும். அதை மடித்தால் மடிப்பு நேர்கோடாகிறது. மடிப்பின்மேல் வேறு நிற நூலால் தைத்து, ஒரே புள்ளி வழியாக மூன்று நான்கு கோடுகளைப் போட்டு, கீழே உள்ள கோட்டை எதுவும் தொடவில்லை என்று விரலால் தடவிப் பார்க்கலாம். மாணவர்கள் சூத்திரத்தில் படித்தது துணியில் வந்து கிடக்கிறது.

தைமினா முதலில் முயன்றது இரட்டை ஊசிப் பின்னலை. அது சரிவரவில்லை. அதற்கான காரணத்தில் இந்த அத்தியாயத்தின் வாதம் முழுவதும் அடங்கியிருக்கிறது. ஜெயங்கொண்டம் பக்கத்துக் கைத்தறியை எடுத்துக்கொள்ளுங்கள். நெசவு தொடங்கும் முன்பே பாவு ஓடி முடிந்திருக்கும். இத்தனை இழை என்று தீர்ந்துவிட்ட பிறகு, பாதிச் சேலையில் அகலத்தை இரட்டிப்பாக்க நெசவாளரால் முடியாது. அவருடைய கற்பனை முழுதும் ஊடையிலும் நிறத்திலும் கட்டத்திலும் இயங்குகிறது. இரட்டை ஊசிப் பின்னலில் கண்ணிகளைக் கூட்டலாம், குறைக்கலாம். ஆனால் வரிசையின் எல்லாக் கண்ணிகளும் ஒரே நேரத்தில் உயிரோடு ஊசியில் நிற்க வேண்டும். 767 கண்ணியை எந்த ஊசி தாங்கும்? ஒன்று நழுவினால் கீழே வரை ஓடும். குரோஷேவில் உயிருள்ள கண்ணி பொதுவாக ஒன்றே ஒன்று. மற்றவை முடிந்தவை. அதனால் ஊசி எந்தப் பக்கமும் திரும்பலாம். பழைய வரிசையின் நடுவில் நுழைந்து புதுக்கிளை விடலாம். பிடிக்கவில்லை என்றால் இழுத்துப் பிரித்துவிட்டு அதே நூலில் மறுபடி தொடங்கலாம். ஒரு முடிவுக்கும் அதன் விளைவுக்கும் இடையில் சில நிமிடங்கள்தான். தவறின் விலை சில முழம் நூலைப் பிரித்தெடுக்கும் நேரம்.

என் வாதம் இதுதான். வளர்ந்தவர்கள் படைப்பாற்றலை இழப்பதில்லை. விதியை மாற்றிப் பார்க்கும் பழக்கத்தைத்தான் விட்டுவிடுகிறார்கள். அந்தப் பழக்கம் மீள மூன்று நிபந்தனைகள் வேண்டும்: மாற்றத்தக்க அளவுக்குச் சிறிய விதி, மாற்றியதும் பதில் சொல்லும் பொருள், தவறினால் மலிவாகத் திரும்பி வரும் வழி. வரம்பற்ற சுதந்திரம் இந்தப் பட்டியலில் இல்லை. வெள்ளைத் தாளைக் கொடுத்து எதை வேண்டுமானாலும் வரை என்றால் பெரும்பாலோர் கை ஓடாது. புள்ளி வைத்துக் கொடுத்தால் ஓடும். தமிழ்நாட்டு வாசல் கோலங்கள் அதற்கு அன்றாடச் சான்று. சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் அவருடன் பணிபுரிந்தவர்களும் 1974இல் கோலங்களைச் சில இலக்கண விதிகளிலிருந்து பிறக்கும் வடிவங்களாக விவரித்து, கணினி அறிவியல் ஆய்வுக்குள் கொண்டு வந்தார்கள். சில விதிகள், முடிவற்ற கோலங்கள். இவற்றில் புதிதாக ஒன்றைப் போடுகிறவர் விதியைத் தூக்கி எறிவதில்லை. எங்கே வளைக்கலாம் என்று தேடுகிறார்.

இதற்கு வலுவான சான்று லாஸ் ஏஞ்சல்ஸில் வசிக்கும் ஆஸ்திரேலிய இரட்டையரான மார்கரெட், கிறிஸ்டின் வெர்தைம் சகோதரிகள் 2005இல் தொடங்கிய குரோஷே பவளப்பாறைத் திட்டம். தைமினாவின் விதியை அப்படியே பின்பற்றியபோது ஒழுங்கான கணித உருவங்கள் வந்தன. அழகுதான், ஆனால் உயிரற்றவை. விகிதத்தை வரிசைக்கு வரிசை கூட்டிக் குறைத்து, ஓரிடத்தில் நெருக்கி, இன்னோரிடத்தில் தளர்த்திப் பின்னியபோது கடற்பஞ்சு, கடல் நத்தை, பவளம் போன்றவை தோன்றத் தொடங்கின. பல நாடுகளில் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தார்கள். பலர் கணிதமோ கலையோ படித்தவர்கள் அல்லர். பவளம் அப்படி ஏன் நெளிகிறது என்பதும் இங்கே விளங்குகிறது. குறைந்த இடத்துக்குள் அதிகப் பரப்பை விரித்தால் கடல் நீரிலிருந்து உணவைப் பிடிக்க வசதி. காரையின் களிமண்ணுக்கு முந்திய கடலில் டால்மியாபுரம் அருகே இருந்த பவளத் திட்டுகளும் சுண்ணாம்பாக இறுகி நிற்கின்றன. அவற்றைக் கட்டிய உயிர்கள் வளர்ந்ததும் விளிம்பிலும் நுனியிலும்தான்.

இனி மறுப்புகள். முதல் மறுப்பு நியாயமானது: குரோஷே பின்னுகிறவர்களில் மிகப் பலர் யூடியூப் பார்த்தோ புத்தகம் பார்த்தோ சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள், அதில் படைப்பு எங்கே? பதிலாகப் பலரும் ஆய்வு முடிவுகளை எடுத்துக் காட்டுவார்கள். 2013இல் ஜில் ரைலியும் மற்றவர்களும் வெளியிட்ட ஆய்வில் உலகெங்கும் 3,545 பின்னலாளர்கள் பதில் சொன்னார்கள். அடிக்கடி பின்னுகிறவர்கள் அமைதியும் மகிழ்ச்சியும் கூடுவதாகச் சொன்னார்கள். ஆஸ்திரேலியாவின் வொல்லங்காங் பல்கலைக்கழக ஆய்வில் குரோஷே பின்னும் 8,391 பேரில் 89.5 சதவீதத்தினர் மனம் அமைதியடைவதாகச் சொன்னார்கள். ஆனால் இந்தச் சான்று கேள்விக்குப் பொருந்தவில்லை. பதில் சொன்னவர்கள் ஏற்கெனவே பின்னலை விரும்பித் தேர்ந்தவர்கள். பிடிக்காமல் விட்டவர்கள் கணக்கில் வரவில்லை. அதைவிட முக்கியம், அமைதியும் படைப்பாற்றலும் ஒன்றல்ல. ஒரே வரிசையை நூறு முறை போட்டாலும் அமைதி கிடைக்கும். எளிய வேலையில் கை ஈடுபட்டிருக்கும்போது மனம் அலைந்து புதிய யோசனை பிறக்கிறது என்று 2012இல் ஓர் ஆய்வு சொன்னது. பிறகு வேறு குழுக்கள் செய்து பார்த்தபோது அது உறுதிப்படவில்லை. சற்று வலுவான சான்று நியூசிலாந்தில் டாம்லின் கோனரின் குழுவிடமிருந்து கிடைக்கிறது. 658 இளைஞர்கள் 13 நாள் குறிப்பு எழுதினார்கள். வழக்கத்தைவிட அதிகமாக ஏதாவது படைத்த நாளுக்கு மறுநாள் உற்சாகமும் நிறைவும் கூடியிருந்தன. இதுவும் படைப்பினால் மனநலம் என்ற திசையைத்தான் காட்டுகிறது. ஆகவே முதல் மறுப்பை ஏற்கிறேன்: ஊசியைப் பிடித்ததாலேயே யாரும் படைப்பாளி ஆவதில்லை. சொன்னபடி செய்து கை பழகிய பிறகு, ஆறுக்குப் பதில் ஏழு போட்டால் என்ன என்று கேட்கும் இடத்தில்தான் நான் சொல்வது தொடங்குகிறது. அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு, ஆறு ஏன் என்று தெரிந்திருப்பது பெரிய உதவி. அந்த வகையில் அறிவியல் இங்கே கைவேலைக்குக் கடன் கொடுக்கிறது.

இரண்டாவது மறுப்பு தத்துவம் சார்ந்தது. கல்லங்குறிச்சிச் சிப்பி எதையும் யோசிக்காமலே அத்தனை நுட்பமான விளிம்பைச் செய்ததென்றால், வடிவம் பிறக்க மனம் தேவையில்லை என்றுதானே ஆகிறது? பிறகு பின்னுகிறவருக்கு என்ன பெருமை? வடிவத்தைப் பொறுத்தவரை பெருமை இல்லைதான். நெளிவைச் செய்வது நூலின் இயற்பியல். ஆனால் சிப்பியால் தன் விதியைத் தேர்ந்தெடுக்க முடியாது. அதன் விகிதம் மாற வேண்டுமானால் தலைமுறைகள் பிறந்து மடிய வேண்டும். பொருந்தாதது அழியும், பொருந்தியது தங்கும். மனிதக் கை அந்த நெடிய தேர்வை ஒரு மதிய வேளைக்குள் சுருக்குகிறது. ஒரு விகிதத்தைப் போட்டுப் பார்த்து, பிரித்து, வேறொன்றைப் போட்டு, எதை வைத்துக்கொள்வது என்று தானே தீர்மானிக்கிறது. படைப்பு இருப்பது அந்தத் தீர்மானத்தில்.

மூன்றாவது மறுப்பே மிகக் கடினமானது. அது வரலாற்றிலிருந்து வருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட்டும், இடையன்குடியில் அவர் மகள் எலிசா கால்டுவெல்லும் ஏழைப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக் கொடுத்தார்கள். வருமானம் வந்தது, கையில் சொந்தக் காசு என்பதே பல பெண்களுக்குப் புதிது. ஆந்திரத்தில் கோதாவரிக் கரையின் நரசாபுரத்தில் மிஷனரிகள் வழியே வந்த குரோஷே லேஸ் ஏற்றுமதித் தொழிலாகவே வளர்ந்தது. அதை ஆராய்ந்த மரியா மீஸ் 1982இல் எழுதிய நூல் காட்டுவது கசப்பான காட்சி: வீட்டுக்குள் அமர்ந்து நாளெல்லாம் பின்னும் பெண்கள் மிகக் குறைந்த கூலி பெற்றார்கள். அது வேலை என்றே மதிக்கப்படவில்லை; பொழுதுபோக்குக்குப் பின்னும் இல்லத்தரசிகள் என்ற போர்வையில் உழைப்பு மறைந்தது. அதே ஊசி, அதே நூல், அதே கண்ணி. குரோஷே இயல்பாகவே படைப்பாற்றலை மீட்கும் என்றால் நரசாபுரம் உலகின் படைப்பு மையமாக இருந்திருக்க வேண்டும். இந்த மறுப்பு என் வாதத்தைச் சாய்க்கவில்லை, கூர்மையாக்குகிறது. அங்கே வடிவமும் அளவும் விலையும் வெளியிலிருந்து வந்தன. ஆறை ஏழாக்கினால் சரக்கு திருப்பி அனுப்பப்படும், கூலி போகும். நான் சொன்ன மூன்று நிபந்தனைகளில் மூன்றாவது, தவறின் விலை குறைவு என்பது, ஏழைக்கு இயல்பாகக் கிடைக்கும் ஒன்றல்ல. படைப்பாற்றலைப் பற்றிப் பேசும்போது திறமையைப் பற்றியே பேசுகிறோம். விதியை மாற்றும் அதிகாரமும், தவறு செய்தாலும் அடுத்த வேளைச் சோற்றுக்குப் பாதகமில்லை என்ற நிலையும் அதற்கு முன்னே வருகின்றன.

எந்திரங்கள் வந்த பிறகு இதெல்லாம் எதற்கு என்பது கடைசி மறுப்பு. 1589இல் இங்கிலாந்தின் வில்லியம் லீ காலுறை பின்னும் சட்டகத்தைச் செய்ததிலிருந்து தொடங்கிய வழி இன்றைய திருப்பூர் வரை வந்திருக்கிறது. பனியன் துணி முழுவதும் எந்திரம் கோத்த கண்ணிகளே. குரோஷே மட்டும் எந்திரத்துக்கு இன்னும் முழுதாக வசப்படவில்லை. சோதனைக் கருவிகள் உண்டு, ஆலைகளில் புழக்கம் இல்லை. ஆனால் கைவேலையின் மதிப்பை எந்திரத்தின் இயலாமையில் கட்டக் கூடாது. நாளை அந்த எந்திரமும் வரலாம். ஜார்ஜியா டெக்கில் இயற்பியலாளர் எலிசபெட்டா மாட்சுமோட்டோவின் குழு செய்வது வேறு வழியைக் காட்டுகிறது. இரட்டை ஊசிப் பின்னலின் முன்புறக் கண்ணி, பின்புறக் கண்ணி என்ற இரண்டே வகைகளை வெவ்வேறு வரிசையில் கலந்தால், அதே நூலில் ஒரு துணி விறைப்பாகவும் இன்னொன்று பல மடங்கு இழுபடுவதாகவும் ஆகிறது. அதைக் கணக்கிட்டு முன்கூட்டியே சொல்லலாம் என்று அவர்கள் 2024இல் காட்டினார்கள். அந்த ஆய்வுக்கு அடித்தளம், கையால் பின்னியவர்கள் பல நூற்றாண்டுகளாகத் தொகுத்து வைத்த வடிவங்கள். கணினி ஒரு விதியின் விளைவை நொடியில் வரைந்து காட்டும். எந்த விதியைக் கேட்பது என்ற யோசனை, பொருளின் இழுவிசையை விரலில் உணர்ந்தவருக்கு வரும் வாய்ப்பு அதிகம்.

அரியலூர், பெரம்பலூர் என்ற இந்த இரண்டு மாவட்டங்களுக்கும் இதில் ஒரு தனி வசதி இருக்கிறது. பெரம்பலூரின் கரிசலில் பருத்தி விளைகிறது. அரியலூரின் பாறையில் நெளிந்த விளிம்புகள் கோடிக்கணக்கில் கிடக்கின்றன. வாரணவாசி அருங்காட்சியகத்தில் அவற்றைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்க்கலாம். ஏழாம் வகுப்பு மாணவர்கள் கையில் ஓர் ஊசியும் ஓர் உருண்டை நூலும் கொடுத்து, முதல் வாரம் ஆறு ஆறாகக் கூட்டித் தட்டை வட்டமும், இரண்டாம் வாரம் கூட்டலை நிறுத்திக் கிண்ணமும், மூன்றாம் வாரம் அவரவர் தேர்ந்த விகிதத்தில் நெளிவும் செய்யச் சொல்லலாம். ஒவ்வொருவரும் தான் போட்ட விதியை ஒரு வரியில் எழுதி வைக்க வேண்டும். அடுத்தவர் அந்த வரியைப் படித்து அதே வடிவத்தைச் செய்ய முடிய வேண்டும். இப்படிப் பழகிய பிள்ளை கட்டுரையிலும் கணக்கிலும் புதுமையாக யோசிக்கும் என்று உறுதி சொல்ல இன்றைக்குச் சான்று போதாது. ஒரு துறையில் பழகிய துணிவு இன்னொரு துறைக்குத் தானாகப் பாய்வதில்லை என்பதே உளவியலில் திரும்பத் திரும்பக் கண்ட முடிவு. ஆனால் ஒன்றைச் சோதித்துப் பார்க்கலாம். நான்காம் வாரம் எந்தப் பணியும் கொடுக்காமல் நூலை மட்டும் வைத்துவிட்டுப் பாருங்கள். பழைய வட்டத்தையே அச்சுப்போலத் திரும்பச் செய்கிறவர்கள் எத்தனை பேர், யாரும் கேட்காமலே எண்ணை மாற்றிப் பார்க்கிறவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிவிடலாம். இரண்டாவது எண்ணிக்கை கூடினால் அந்த வகுப்பில் படைப்பாற்றல் மீண்டிருக்கிறது என்று சொல்ல வேறு சான்று தேவையில்லை. கூடவில்லை என்றால் குறையைப் பிள்ளைகளிடம் தேடாமல், அவர்களுடைய தவறுக்கு நாம் என்ன விலை வைத்திருந்தோம் என்று பார்க்க வேண்டும்.